குச்சியைத் தொட்டால் பத்து ரூபாய்

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விஷயம் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, நானும் இருந்தேன் என்று கான்டீன் ஆள்கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இருந்தது இவ்வளவு பேர்தான். ஹீலியம் ஊற்றும் நான். ஆராய்ச்சி மாணவி அபர்ணா. அவளுக்கு வழிகாட்டியான சார். பிறகு, ஆளாக இல்லாமல் போனில் குரலாக மட்டும், ஹீலியத்தைத் திரவமாக்கும் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் என் மேலாளர். அவர் மராத்திக்காரர், அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் பாவூ என்போம். தமிழில் எழுதும்போது கடைசி எழுத்தைச் சரியாகப் போடாவிட்டால் வடையோடு தின்னும் ரொட்டி ஆகிவிடுவார், பார்த்து வாசியுங்கள். ஐந்தாவதாக ஒரு படிகம். கொத்துமல்லி விதையில் பாதி இருக்கும், கறுப்பாக, மினுமினுப்பாக. அன்று அந்த அறையில் பதறாமல் இருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை.

குளிர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது ஹீலியத்தை எப்படி ஊற்றுவது என்று அல்ல. அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, சுவரில் படமும் ஒட்டியிருக்கிறது. எப்போது கை வைக்காமல் இருப்பது என்று கேட்டீர்கள். அதைக் கேட்பதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் உங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான். தாராவியில் எட்டாவது பாதியில் படிப்பை விட்டுவிட்டு, சிலிண்டர் ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் ஆளாகச் செம்பூர்ப் பக்கத்து ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் நுழைந்தவன் நான். பயந்த சுபாவம். சயான் பஸ் ஸ்டாப் வரை வந்த பிறகு, கேஸ் மூடினோமா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். நான் வருவேன் என்று தெரிந்து என் மனைவி வாசலிலேயே நிற்பாள். "மூடியாச்சு. நேத்தும் மூடித்தான் இருந்துச்சு. போங்க" என்பாள். உள்ளே போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால்தான் எனக்குக் கால் நகரும்.

இப்படிப்பட்டவனுக்கு ஹீலியம் வேலை நன்றாகவே ஒத்துவந்தது.

படிகத்தை வைக்கும் பெரிய ஜாடிக்கு கிரையோஸ்டாட் என்று பெயர். உள்ளே திரவ ஹீலியம். அதில் மூழ்கியபடி ஒரு காந்தச் சுருள். சுருளின் நடுவில் படிகம். திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு மீட்டர் காட்டும். மீட்டரை நம்பாதவர்களுக்குக் குச்சி. நீளமான, மெல்லிய குழாய் அது, மேல்நுனியில் ரப்பர் தோல் கட்டியிருக்கும். மெதுவாக ஜாடிக்குள் இறக்கிக் கட்டைவிரலை ரப்பரின்மேல் வைத்தால் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். கீழ்நுனி திரவத்துக்குள் இருந்தால் நிதானமாகத் துடிக்கும். திரவத்துக்கு மேலே இருந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். துடிப்பு எங்கே மாறுகிறதோ அதுதான் மட்டம். மீட்டர் ஒழுங்காக ஓடும் நாட்களிலும் நான் குச்சி போடுவேன். டீ குடித்துவிட்டு ஒருமுறை, சாப்பிடப் போகுமுன் ஒருமுறை, மனசு கேட்காவிட்டால் நடுவிலும் ஒருமுறை. யாரும் தடுத்ததில்லை. ஜாக்கிரதையான ஆள் என்று பெயர்கூட வந்திருந்தது.

ஜாக்கிரதைக்குக் காரணம் இருந்தது. காந்தச் சுருளில் பெரிய கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். குளிரில் இருக்கும்வரை அதற்குத் தடையே கிடையாது. திரவம் குறைந்து சுருளின் தலை வெளியே வந்தால், அந்த இடம் சூடாகி, ஓடுகிற கரன்ட் முழுவதும் சூடாக மாறி, மிச்ச ஹீலியம் ஒரே மூச்சில் கொதித்துக் கிளம்பிவிடும். குவென்ச் என்பார்கள். பக்கத்து அறையில் ஒருமுறை அது நடந்தது. எக்ஸ்பிரஸ் வண்டி உள்ளே புகுந்த மாதிரி சத்தம், முன்னால் இருப்பவன் முகம் தெரியாத வெள்ளைப் புகை. புகை அடங்கியபோது நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், என் செருப்பு அறைக்குள் இருந்தது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹீலியம் ஆள் வாயைத் திறந்து "பஸ்" என்று ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னால், போதும் என்று அர்த்தம், யாருடைய சோதனையாக இருந்தாலும் அந்த நிமிஷமே நிற்கும். பேராசிரியர்கூட ஏன் என்று கேட்கமாட்டார்.

அபர்ணா வரும்வரை, அந்தப் படிகத்துக்குள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டு வீட்டுப் பெண். என்னை முதல் நாளே அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். மின்தடை இல்லாத இந்த வகைப் படிகத்துக்குள் காந்தம் மொத்தமாக நுழைய முடியாதாம். மெல்லிய இழை இழையாகத்தான் நுழையுமாம். ஒவ்வோர் இழையைச் சுற்றியும் கரன்ட் சுழன்றுகொண்டே இருக்கும். அவைதான் சுழல்கள். நல்ல குளிரில் சுழல்கள் வரிசை கட்டி நிற்கும். சூடு சிறிது ஏறியதும் ஓர் இடத்தில் வரிசை கலையும்.

அதை அவள் முதல் முறை என் காதில் விழச் சொன்னது வேறு மாதிரி. திரையைப் பார்த்துக்கொண்டே, "உருகிடுத்து" என்றாள். வெளிநாட்டிலிருந்து கடனாக வாங்கிய படிகம் அது. இதை யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யோசித்தபடியே ஹீட்டர் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தேன். கையை நீட்டி மறித்தாள்.

"படிகம் உருகலை, அண்ணாச்சி. அது அப்படியேதான் இருக்கு. உள்ள நிக்கற சுழல் வரிசைதான் உருகறது."

"கல்லு உருகாம உள்ள உள்ளது மட்டும் எப்படிம்மா உருகும்?"

"டப்பா உருகாம உள்ள நிக்கற ஜனம் கலையறதில்லையா?" என்றாள்.

டப்பா என்றால் லோக்கல் ரயில் பெட்டி. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் பிடிபட்டது. பெட்டிக்குள் வரிசையாக நிற்கும்போது பின்னால் ஒருவன் தள்ளினால் வரிசையே நகர்ந்து கொடுக்கும். கலைந்துவிட்டால் அவனவன் கையில் அகப்பட்ட கம்பியையும் மூலையையும் பிடித்துக்கொள்வான், எவ்வளவு தள்ளினாலும் ஒருவரும் அசைய மாட்டார்கள். சுழல்களும் அப்படித்தான். வரிசை கலையும்போது முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. திரையில் ஓடும் கோடு அப்போது ஒரு படி கீழே இறங்கும். பயம் வந்தால் பிடி இறுகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரச்சினை, திரும்பி வருவதில். அபர்ணாவின் ஆய்வேட்டைப் படித்த வெளியூர் நிபுணர் ஒருவர், இது உண்மையான நிலைமாற்றமா அல்லது உங்கள் கருவியின் கோளாறா என்று கேட்டு நிறுத்தி வைத்திருந்தார். உண்மையானால், சூட்டை மறுபடி இறக்கும்போது சுழல்கள் உடனே வரிசைக்கு வரக்கூடாது. கலைந்தது கலைந்தபடி கீழேவரை வரவேண்டும். என் தம்பி தாராவியில் கூல்டிரிங்க் கடை வைத்திருக்கிறான். ஃப்ரீஸரில் அதிகமாகக் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது தண்ணீராகத்தான் இருக்கும். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் கண் முன்னாலேயே ஐஸ் ஆகும். அந்தத் தட்டு விழாமல் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நடுவழியிலேயே கோடு மேலே குதித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். அதனால்தான் அந்த நிபுணருக்குச் சந்தேகம்.

தட்டு எங்கிருந்து வருகிறது என்பதை அபர்ணாதான் கண்டுபிடித்தாள். வராந்தாவுக்குக் கூட்டிப்போய், யாருக்கும் கேட்காமல், மெல்லச் சொன்னாள். குச்சி உள்ளே இறங்கும்போதெல்லாம் ஹீலியம் ஒரு குமுறு குமுறுகிறது, படிகத்தைத் தாங்கும் கம்பி லேசாக அதிர்கிறது, சுழல்களுக்கு அது போதும். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியதும் ஜனம் தானாக வரிசைக்கு வருவதில்லையா, அது மாதிரி. எனக்குக் கோபம்தான் வந்தது. ஹீலியத்தை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

இனி ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நாள் இருந்தது. படிகம் மறுநாள் காலை கூரியரில் திரும்பிப் போகவேண்டும். விமான டிக்கெட் மாதிரி, அதன் தேதியை மாற்ற முடியாது. அது போய்விட்டால் அபர்ணாவின் ஐந்து வருஷ உழைப்பில் பாதி பக்கம் கிழிந்த மாதிரி. அன்று காலையிலிருந்து மழை. பாவூ கல்யாணிலிருந்து வருபவர். அவர் ஏறிய வண்டி தண்டவாளத்தில் தண்ணீர் என்று விக்ரோலிக்கு முன்னால் நின்றுவிட்டது. அவர் வராமல் பிளான்ட் ஓடாது. அதனால் ஜாடியில் இருக்கும் ஹீலியம்தான் அன்றைக்கு மொத்த ஹீலியம்.

சோதனையைத் தொடங்குமுன் அபர்ணா வெள்ளைப் பலகையில் என் பெயரை எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"குச்சியைத் தொட்டா பத்து ரூபா" என்றாள். "உள்ள போட்டா இல்லை. தொட்டாலே."

"கை அந்தப் பக்கம் சும்மா போனா?"

"போனாலே பத்து. உங்களுக்கு ஓய்வு வரதுக்குள்ள நான் ஃப்ளாட் வாங்கிடுவேன்."

சார் சிரித்தார். கல்கத்தாக்காரர், எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளுக்கு ஃப்ளாட் செம்பூரிலா மாட்டுங்காவிலா என்று விசாரித்தார். அப்போது எல்லாரும் சிரிக்கிற நிலைமையில்தான் இருந்தோம்.

சூடு ஏறியது. வரவேண்டிய இடத்தில் கோடு ஒரு படி இறங்கியது. அவள் சூட்டை மெதுவாகத் திருப்பினாள். திரும்புகாலில்தான் ஒருவரும் எதையும் தொடக்கூடாது. கொஞ்ச தூரம் போனதும் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. கம்ப்யூட்டரும் மற்றவையும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பின. மட்டம் காட்டும் மீட்டர் மட்டும் அணைந்து, கருகல் வாசனை வந்தது. பார்த்தால், அதன் பிளக்கைப் பிடுங்கிச் சாதாரண சாக்கெட்டில் போட்டுவிட்டு, யுபிஎஸ் சாக்கெட்டில் யாரோ டீ கெட்டிலை மாட்டியிருந்தார்கள். யார் என்று சொல்லமாட்டேன். டீயை மூன்று பேரும் குடித்தோம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கடைசியாக மீட்டர் காட்டிய மட்டம் எனக்குத் தெரியும். வழக்கமாக ஆவியாகும் வேகத்தில் போனால் சோதனை முடியும்வரை தாங்கும். வழக்கமாக என்பதுதான் சிக்கல். ஜாடியின் கழுத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்து வழிந்தது. உள்ளே அதிகமாகக் கொதிப்பதால் வழிகிறதா, மழைக்கால ஈரத்தால் வழிகிறதா? குச்சி என் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கியது. இறக்கினால் எனக்குத் தெரிந்துவிடும், அவளுக்குப் போய்விடும். இறக்காவிட்டால் சுருளின் தலை இப்போதே வெளியே இருந்தாலும் எனக்குத் தெரியாது. என் கை மூன்று தடவை போய் வந்தது. அபர்ணா திரும்பிப் பார்க்காமலேயே பலகையில் தடவைக்கு ஒன்றாக மூன்று கோடு போட்டாள்.

"ஒருக்கா பாத்துக்கிடுதேன்மா. மெதுவா, பூப்போல இறக்குதேன்."

"அண்ணாச்சி, சித்த உக்காருங்கோ. ப்ளீஸ்." நாலாவது கோடு போட்டாள்.

சார் மட்டம் எவ்வளவு என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். அந்தக் காந்தச் சுருளுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று வாங்கித் தர யாரும் கிடையாது, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் அபர்ணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஸ் சொல்கிற உரிமை உன்னுடையது, நான் குறுக்கே வரமாட்டேன், எது ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் முகத்தைப் பார்த்தால் தானே நிறுத்திவிடுவோம் என்று பயந்திருப்பார்.

நான் பாவூவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வண்டிக்குள் இருப்பவர்களின் சளசளப்பு கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், கழுத்து, குச்சி. வாயில் பஸ் என்ற வார்த்தை தயாராக இருந்தது. அவர் சொல்லட்டும், நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அவர் அதைப் புரிந்துகொண்டார். அவசரப்படாமல் ஒன்று கேட்டார்: உனக்கு ஏதாவது தெரிந்ததால் பஸ் சொல்லப்போகிறாயா, தெரியாததால் சொல்லப்போகிறாயா?

தெரியாததால்தான் என்றேன், வேறென்ன சொல்ல.

அப்படியானால் எது தெரிந்தால் நிறுத்துவாய் என்று இப்போதே முடிவுசெய், அது வரும்வரை நிறுத்தாதே என்றார். பிறகு, "ஹாத் பாக்கெட் மே ரக்" என்றார். கையை பேன்ட் பைக்குள் வைத்துக்கொள். அதற்குள் வண்டி நகர்ந்ததோ என்னவோ, லைன் போய்விட்டது.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த இடம்தான். எனக்குத் தைரியம் எல்லாம் வரவில்லை. ஆனால் பயத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. ஜாடியிலிருந்து ஆவி வெளியேறும் குழாயில் வெள்ளையாகப் பனி படரும். அதிகம் கொதித்தால் பனி குழாயோடு ஊர்ந்துபோகும். குழாயைச் சுவரில் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளில் முதலாவதுக்கு இந்தப் பக்கமே பனி நின்றிருந்தது. இரண்டாவது கிளாம்ப்பைத் தொட்டால் பஸ் சொல்வேன் என்று அபர்ணாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். சரி என்றாள். கழுத்தில் வழியும் தண்ணீரைப் பார்ப்பதை அத்தோடு விட்டேன். கதவுக் கண்ணாடியிலும் அதே மாதிரிதான் வழிந்துகொண்டிருந்தது, அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை.

பனி முதல் கிளாம்ப்பைத் தாண்டியது. தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. மறுபடி ஊர்ந்தது. கையைப் பைக்குள் வைத்தேன், அது என்னைக் கேட்காமலே வெளியே வந்தது. பலகையில் கோடுகள் ஏறின. கணக்குப் பண்ணியபடியே அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கோடு கீழேயே ஓடியது. முன்னால் குதித்த இடம் ஒன்றைத் தாண்டியது. இன்னொன்றைத் தாண்டியது. உள்ளே அந்தச் சுழல்கள் வரிசை கலைந்து, ஆளுக்கொரு மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இனி பயமில்லை என்று யாரும் சொல்லாததால் அப்படியே குளிரில் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கஷ்டம் எனக்குத் தெரிந்த மாதிரி அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசிக் குளிருக்கு வந்து சேர்ந்தாள். கோடு கீழேதான் இருந்தது. பனியின் முனைக்கும் இரண்டாவது கிளாம்ப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. இது நிஜமாவே கலைஞ்சுதான் இருக்குன்னு காட்டணும். ஒரு தட்டு விழணும்." நாற்காலியைத் திருப்பி முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "இப்போ குச்சி போடுங்கோ, அண்ணாச்சி."

குச்சியை ஜாடிக்குள் இறக்கினேன். கட்டைவிரலின் கீழ் படபடவென்று அடித்தது. இன்னும் இறக்கினேன். படபடப்பு நிற்கவில்லை. கீழ்நுனி சுருளின் தலைக்கு நேராக இறங்கும் ஆழம் தெரிவதற்காகக் குச்சியில் ஒரு நூல் சுற்றி வைத்திருந்தேன். அந்த நூல் ஜாடியின் வாயை நெருங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. நூல் உள்ளே போக இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போது துடிப்பு நிதானமானது. மெல்ல, ஒழுங்காக, தூங்குகிறவனின் நாடி மாதிரி.

"ஹீலியம் இருக்கு" என்றேன்.

அதே நேரத்தில் அபர்ணா, "குதிச்சுடுத்து" என்றாள். கோடு ஒரே தாவலில் மேலே ஏறி, பிறகு அசையாமல் ஓடியது. சுழல்கள் வரிசைக்கு வந்துவிட்டன. சார் சுவரிலிருந்து திரும்பி, முதலில் காந்தத்தின் கரன்ட்டை இறக்கச் சொன்னார், பிறகுதான் திரையைப் பார்த்தார்.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு வெளியூர் நிபுணர் மறுபடி கேள்வி கேட்கவில்லை. படிகம் மறுநாள் கூரியரில் போனது. அபர்ணாவும் பட்டம் வாங்கி வேறு நாட்டுக்குப் போனாள், அங்கேயும் குளிர் அறையில்தான் இருக்கிறாள். நான் ஓய்வு பெறும்வரை குச்சி போடுவதை விட்டுவிடவில்லை. ஆனால் போடுமுன் பாவூ கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொள்வேன். பாதி நாள் பதில் எனக்குச் சாதகமாக இருக்காது, கை பைக்குள் போகும்.

அன்று பலகையில் பதினேழு கோடுகள் இருந்தன. நூற்று எழுபது ரூபாய் எடுத்து நீட்டியபோது அவள் வாங்கவில்லை, கணக்கு தப்பு என்றாள். கடைசித் தடவைக்கும் பத்து உண்டாம். அது நீ சொல்லித்தானே போட்டேன் என்று சண்டை பிடித்தேன். இன்றைக்கும் தீபாவளிக்குப் போனில் அவள் அனுப்புவது வாழ்த்து இல்லை, அந்த எண்தான். நானும் என் நூற்று எழுபதைத் திருப்பி அனுப்புவேன்.

உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தபோது அந்த நிமிஷத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் "இப்போ" என்று சொல்லி முடிக்குமுன்பே, என் கை குச்சியில்தான் இருந்தது. நூற்று எண்பது ரூபாய். கொடுக்க வேண்டியிருக்கிறது.